குருதியைத் தெளியவைத்தல்: நோயறி சோதனையில் பிளாஸ்மாப் பிரிப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நோயாளியின் குருதியிலிருந்து அணுக்களை நீக்கிப் பிளாஸ்மாவைத் தனியே எடுத்தல், சோதனைக்கு முந்தைய ஆயத்த வேலையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. மருத்துவ வரலாற்று நூல்களும் சோதனைகளைக் கண்டறிந்தோரைப் பேசுமளவிற்கு இந்த முதற்படியைப் பேசுவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் குருதிக் கிண்ணம் முதல் 2017இல் வெளிவந்த காகித மையவிலக்கி வரை, பிரிப்பு முறைகள் மாறிவந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. பிரிப்பு முறையும் பிரிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் அளவீட்டை மாற்றுகின்றன. அதனால் பிரித்தல் என்பது நோயறிதலின் ஒரு பகுதியே என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பிளாஸ்மா, சீரம், மையவிலக்கி, உறைவுத் தடுப்பான், குருதிச் சர்க்கரை, நோயறிதல் வரலாறு.

முன்னுரை

கலங்கிய ஆற்றுநீரைக் குடத்தில் ஊற்றுமுன் அதன் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவைப்பது தமிழகச் சிற்றூர்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம். மண் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். தெளிதல் என்னும் சொல் நீருக்கும் அறிவுக்கும் பொதுவாக வழங்குவது தமிழின் இயல்பு. குருதியைப் பொறுத்தவரை இவ்விரு பொருளும் ஒரே செயலில் கூடுகின்றன. குருதி தெளிந்தால்தான் அதிலுள்ள செய்தியும் தெளிகிறது.

குருதியின் நீர்மப் பகுதி பிளாஸ்மா. அதில் சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் ஆகியன மிதக்கின்றன. குருதி உறைந்தபின் வடியும் நீர் சீரம். உறைதலின்போது ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் செலவாகிவிடுவதால் சீரத்தில் அது இராது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. உறையவிட்டு வடிப்பதா, உறையாமல் தடுத்துப் பிரிப்பதா என்னும் வினா இந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

கிண்ணத்தில் தெரிந்த அடுக்குகள்

குருதியைப் பிரித்த முதல் விசை புவியீர்ப்பு. ஐரோப்பிய மருத்துவத்தில் குருதி வடித்தல் பரவலான சிகிச்சையாக இருந்த காலத்தில், வடித்த குருதியைக் கிண்ணத்தில் வைத்துப் பார்ப்பதும் மருத்துவரின் கடமையாக இருந்தது. காய்ச்சலும் வீக்கமும் உடையவரின் குருதி உறையும்போது அதன் மேற்பரப்பில் வெளிறிய தடித்த படலம் ஒன்று உருவாவதை அவர்கள் கண்டனர். இதனை அழற்சிப் படலம் என அழைத்தனர். இன்றைய ஆய்வகங்களில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்த மெல்லிய இடையடுக்கு வெண்படலம் எனப்படுகிறது. அது வேறு, பழைய மருத்துவர் கண்டது பெரும்பாலும் ஃபைப்ரின் நிறைந்த அடுக்கு.

கிரேக்க மரபின் நான்கு உடல்நீர்மக் கொள்கையே இவ்வாறு அடுக்கடுக்காகப் பிரிந்த குருதியைக் கண்டதிலிருந்து தோன்றியிருக்கலாம் என்று சுவீடன் அறிஞர் ராபின் ஃபாரேயஸ் 20ஆம் நூற்றாண்டில் கருத்துரைத்தார். அடியிலுள்ள கருநிறக் கட்டி கரும்பித்தமாகவும், அதன்மேல் சிவந்த பகுதி குருதியாகவும், வெளிறிய படலம் கோழையாகவும், மஞ்சள் நிறச் சீரம் மஞ்சட்பித்தமாகவும் கொள்ளப்பட்டிருக்கலாம் என்பது அவர் ஊகம். இது நிறுவப்பட்ட செய்தியாகாது. எனினும் பிரிந்த குருதியைக் கண்ணால் படிக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை இது காட்டுகிறது.

இந்தப் பார்வையைச் சோதனையாக மாற்றியவர் ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹியூசன் (1739–1774). குருதியின் இயல்புகள் பற்றிய தம் நூலை அவர் 1771இல் வெளியிட்டார். குருதியுடன் நடுநிலை உப்புகளைச் சேர்த்தால் அது உறைவது தடைப்படும். அணுக்கள் மெல்லப் படிய, மேலே தெளிந்த நீர்மம் நிற்கும். அந்நீர்மத்தைத் தனியே எடுத்து நீர் சேர்த்தால் அதுவே உறையும். உறையும் பொருள் அணுக்களில் இல்லை, நீர்மத்தில் உள்ளது என இதனால் தெரிந்தது. அழற்சிப் படலத்தின் காரணமும் விளங்கியது. குருதி உறையுமுன் சிவப்பணுக்கள் கீழிறங்கிவிட, அணுக்களற்ற மேற்பகுதி தனியே உறைவதால் அப்படலம் தோன்றுகிறது. பிணக்கூறாய்வின்போது ஏற்பட்ட காயத்தின் வழியே தொற்றுண்டு ஹியூசன் தம் 34ஆம் அகவையில் மறைந்தார்.

1832இல் ஜெர்மானிய உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் வேறொரு வழியை மேற்கொண்டார். தவளையின் சிவப்பணுக்கள் மனிதரின் அணுக்களைவிடப் பெரியவை. சர்க்கரைக் கரைசல் கலந்த தவளைக் குருதியை அவர் வடிதாளில் ஊற்றினார். அணுக்கள் தாளில் தங்கின; வடிந்த நீர்மம் பின்னர் உறைந்தது. படியவைத்தல், வடிகட்டல் என்னும் இரு அடிப்படை வழிகளும் இவ்வாறு 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குள்ளேயே அறியப்பட்டுவிட்டன.

படியும் வேகமே சோதனையாதல்

நோயுற்றவரின் குருதியில் அணுக்கள் விரைந்து படிவதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. நீர்மத்தில் மூழ்கும் துகளின் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என ஸ்டோக்ஸ் 1851இல் நிறுவியிருந்தார். அழற்சியின்போது ஃபைப்ரினோஜன் பெருகுகிறது. அதனால் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்கின்றன. அடுக்கின் அளவு பெரிதாவதால் அது விரைந்து இறங்குகிறது.

வார்சாவில் எட்மண்ட் பியெர்னாட்ஸ்கி 1897இல் இதனை ஓர் அளவீடாக முன்வைத்தார். ஃபாரேயஸ் 1918இல் கருவுற்ற பெண்களின் குருதியில் இவ்வேகம் கூடுவதைக் கண்டார். ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921இல் வகுத்த முறை இன்றும் ஈ.எஸ்.ஆர். என்ற பெயரில் வழக்கில் உள்ளது. பழைய மருத்துவர் கிண்ணத்தில் கண்ட படலமும், இன்றைய ஆய்வக அறிக்கையில் மில்லிமீட்டரில் பதிவாகும் எண்ணும் ஒரே நிகழ்வின் இரு வடிவங்கள்.

உறைதலைத் தடுத்தல்

பிளாஸ்மாவைப் பிரிக்கப் போதிய நேரம் வேண்டுமாயின் குருதி உறையாதிருக்க வேண்டும். 1884இல் ஜான் ஹேகிராஃப்ட் அட்டையின் வாய்ப்பகுதிச் சாற்றில் உறைதலைத் தடுக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். 1890இல் பிரான்சில் ஆர்த்துஸ், பாழே ஆகிய இருவரும் உறைதலுக்குக் கால்சியம் இன்றியமையாதது என நிறுவினர். ஆக்சலேட்டு கால்சியத்தை வீழ்படிவாக்கி அகற்றுகிறது. சிட்ரேட்டு அதனைப் பிணைத்துவைக்கிறது. ஹெபரின் 1916ஆம் ஆண்டு ஆய்வுகளிலிருந்து பிறந்து, 1918இல் பெயர்பெற்றது. ஈ.டி.டி.ஏ. 1950களின் தொடக்கத்தில் இவ்வரிசையில் சேர்ந்தது.

இவற்றுள் எதுவும் குருதியை மாற்றாமல் விடுவதில்லை என்பதே வரலாற்று நோக்கில் கவனிக்கத்தக்கது. கால்சியத்தைப் பிணைக்கும் பொருள் சேர்ந்த குருதியில் கால்சியத்தை அளக்க இயலாது. பொட்டாசியம் உப்பாகச் சேர்க்கப்படும் ஈ.டி.டி.ஏ. பொட்டாசிய அளவைப் பொய்யாக உயர்த்திவிடும். ஆய்வகக் குழாய்களின் மூடிகள் பல நிறங்களில் இருப்பதன் காரணம் இதுவே. ஒவ்வொரு நிறமும், எந்தச் சோதனைக்கு எந்தத் தடுப்பான் பொருந்தாது என்பதை அனுபவத்தால் அறிந்ததன் சுருக்கக் குறியீடு.

பாலிலிருந்து குருதிக்கு

மையவிலக்கு விசையை ஆய்வகத்திற்குக் கொண்டுவந்தது பால்தொழில். சுவீடனில் குஸ்தாஃப் டி லாவல் 1878இல் பாலிலிருந்து பாலேட்டைத் தொடர்ச்சியாகப் பிரிக்கும் பொறியை அமைத்தார். மத்தால் கடைவது கொழுப்புத் துளிகளை மோதவைத்துத் திரட்டுகிறது. இப்பொறியோ அடர்த்தி வேறுபாட்டைப் பயன்படுத்திப் பிரித்தது. பாலின் கொழுப்பை அளக்க லாக்டோகிரிட் என்னும் கருவி பின்னர் வந்தது. மேக்னஸ் பிளிக்ஸும் அவருடன் பணியாற்றிய ஸ்வென் ஹெடினும் அக்கருத்தைக் குருதிக்குப் பொருத்தினர். 1891 அளவில் ஹீமட்டோகிரிட் என்னும் பெயர் லாக்டோகிரிட்டை ஒட்டியே அமைந்தது.

அன்று நாடப்பட்டது அணுக்களின் கன அளவு. பிளாஸ்மா மேலே எஞ்சிய பகுதி மட்டுமே. 1929இல் மேக்ஸ்வெல் வின்ட்ரோப் அமைத்த குழாய் இந்நிலையை மாற்றியது. 100 மில்லிமீட்டர் அளவுக்கோடுகள் கொண்ட அதே குழாயில் முதலில் படிவு வேகத்தையும், சுழற்றியபின் சிவப்பணுக்களின் விழுக்காட்டையும், வெண்படலத்தின் தடிப்பையும், பிளாஸ்மாவின் மஞ்சள் நிறத்தையும் காண முடிந்தது. குருதிச்சோகை, வெள்ளையணுப் பெருக்கம், காமாலை ஆகிய மூன்றின் குறிப்பும் ஒரு குழாயில் கிடைத்தன.

சுழற்றுவதிலும் ஒரு மயக்கம் நெடுங்காலம் நீடித்தது. நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்று மட்டும் கூறினால் விசை தெரியாது. சுழலும் ஆரமும் தெரியவேண்டும். நிமிடத்திற்கு 3000 சுற்று வேகத்தில் 10 செ.மீ. ஆரமுள்ள பொறி புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 1000 மடங்கு விசையைத் தரும். அதே வேகத்தில் 15 செ.மீ. ஆரமுள்ள பொறி ஏறத்தாழ 1500 மடங்கு தரும். எனவேதான் இன்றைய நெறிமுறைகள் சுற்றுகளின் எண்ணிக்கையைத் தவிர்த்து ஈர்ப்பு மடங்குகளில் பேசுகின்றன.

சீரத்தின் காலம்

பொறி பரவுவதற்கு முன்பே சீரம் நோயறிதலில் இடம்பெற்றுவிட்டது. குருதியை உறையவிட்டால் சீரம் தானே வடியும். 1896இல் விடால் டைஃபாய்டு நோயாளியின் சீரம் அந்நோய்க் கிருமிகளைத் திரளச் செய்வதைச் சோதனையாக்கினார். 1906இல் வாசர்மன் சிபிலிசு நோய்க்கான சோதனையை வெளியிட்டார்.

பிரித்தலே கண்டுபிடிப்பாக மாறிய நிகழ்வு வியன்னாவில் நடந்தது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் தம்முடையதும் உடன் பணியாற்றியோருடையதுமான குருதியை எடுத்து, சீரத்தையும் சிவப்பணுக்களையும் தனித்தனியாகப் பிரித்தார். ஒவ்வொருவரின் சீரத்தையும் மற்றவர்களின் அணுக்களோடு கலந்தார். சில கலவைகளில் அணுக்கள் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. இந்த ஒழுங்கிலிருந்து 1901இல் குருதி வகைகள் வெளிப்பட்டன. முழுக்குருதியை முழுக்குருதியோடு கலந்திருந்தால், திரளச் செய்தது எவருடைய சீரம், திரண்டவை எவருடைய அணுக்கள் என்பது தெரிந்திராது. 1930இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

முழுக்குருதியா, பிளாஸ்மாவா?

வேதியியல் சோதனைகள் வேறு பாதையில் சென்றன. ஓட்டோ ஃபோலினும் சியென் வூவும் 1919இல் வெளியிட்ட முறை, முழுக்குருதியிலிருந்து புரதத்தை வீழ்படிவாக்கி நீக்கி, வடிநீரில் சர்க்கரை, யூரியா முதலியவற்றை அளந்தது. சிறிதளவு குருதியில் பல அளவீடுகள் கிடைத்ததால் இம்முறை பல்லாண்டு கோலோச்சியது. அதே காலத்தில் வான் ஸ்லைக் 1917 முதல் பிளாஸ்மாவின் பைகார்பனேட்டை அளந்துவந்தார். காற்றுப்பட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும் என்பதால் குருதியைக் காற்றுப் படாமல் எடுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. எவ்வாறு பிரிக்கிறோம் என்பது அளவீட்டைத் தீர்மானிக்கும் என்னும் உணர்வு இங்கு வெளிப்படையாகத் தெரிகிறது.

முழுக்குருதிக்கும் பிளாஸ்மாவுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. சிவப்பணுவில் நீரின் பங்கு பிளாஸ்மாவில் உள்ளதைவிடக் குறைவு. ஆகவே ஒரே குருதியில் பிளாஸ்மாச் சர்க்கரையின் அளவு முழுக்குருதிச் சர்க்கரையைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுதலாக இருக்கும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வரையறையில் நீரிழிவுக்கான வெறும்வயிற்று எல்லை சிரைப் பிளாஸ்மாவில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். சிரை முழுக்குருதியில் 110 மில்லிகிராம். ஒரே நோய்க்கு இரு எல்லைகள். எதில் அளந்தது என்னும் குறிப்பில்லாத எண், நோயுள்ளவரை நோயற்றவராகவும் மாறாகவும் காட்டிவிடும். விரல்நுனிக் குருதியை அளக்கும் சிறு கருவிகளின் முடிவையும் பிளாஸ்மா அளவாகவே தெரிவிக்க வேண்டும் என்றும், அதற்கு 1.11 என்னும் காரணியைக் கொள்ளலாம் என்றும் பன்னாட்டு மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு 2005இல் பரிந்துரைத்தது.

காலம் என்னும் காரணி

குழாயில் எடுத்த குருதி உயிருள்ளது. அணுக்கள் சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கின்றன. பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்த குருதியில் சர்க்கரை மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறையும். வெறும்வயிற்றில் 130 மில்லிகிராம் உள்ள ஒருவரின் குருதி, தடுப்பான் இல்லாத குழாயில் ஒரு மணிநேரம் பிரிக்கப்படாமல் நின்றால், மணிக்கு 6 விழுக்காடு எனக் கொண்டால் 122 மில்லிகிராம் என்றே காட்டும். எல்லை 126. நோயாளி நோயற்றவராகத் திருப்பியனுப்பப்படுவார்.

இதற்கு மாற்றாக ஃபுளூரைடு 1920களிலிருந்து பயன்பட்டுவருகிறது. ஆனால் அது சர்க்கரைச் சிதைவின் பிற்பகுதியிலுள்ள ஈனோலேசு என்னும் நொதியைத் தடுப்பதால் உடனே செயற்படுவதில்லை. முதல் ஓரிரு மணிநேர இழப்பு நிகழ்ந்துவிடும். சிட்ரேட்டால் அமிலத்தன்மையூட்டினால் சிதைவு உடனே நிற்கும் என 1980களில் காட்டப்பட்டது. குருதிக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து 30 நிமிடத்திற்குள் பிரிக்க வேண்டும். இயலாவிடில் சிட்ரேட்டுக் குழாயைப் பயன்படுத்த வேண்டும் என 2011இல் அமெரிக்க நெறிமுறைகள் கூறின.

குளிரூட்டுவது எல்லாவற்றுக்கும் தீர்வாகாது. சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் பிளாஸ்மாவில் உள்ளதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் உள்ளது. அதனை உள்ளே நிறுத்திவைக்கும் அணுச்சவ்வின் இயக்கம் குளிரில் தளர்கிறது. பொட்டாசியம் கசிந்து பிளாஸ்மாவில் ஏறுகிறது. சர்க்கரையைக் காக்கும் குளிர் பொட்டாசியத்தைக் கெடுக்கிறது. விரைந்து பிரித்தல் ஒன்றே இரண்டையும் காக்கும்.

மூலக்கூற்றுச் சோதனைகளில் இத்தேவை மேலும் கூர்மையடைந்தது. எச்.ஐ.வி. தொற்றின் போக்கைப் பிளாஸ்மாவிலுள்ள வைரசின் அளவு முன்னறிவிக்கும் என்று 1996இல் மெல்லர்ஸ் குழுவினர் காட்டினர். அச்சோதனைக்கான பிளாஸ்மாவைக் குருதி எடுத்த 24 மணிநேரத்திற்குள் பிரிப்பது பொதுவான விதியாயிற்று. 1997இல் டென்னிஸ் லோ குழுவினர் தாயின் பிளாஸ்மாவில் கருவின் டி.என்.ஏ. இருப்பதைக் கண்டனர். பிரிக்கத் தாமதித்தால் தாயின் வெள்ளையணுக்கள் சிதைந்து, அவற்றின் டி.என்.ஏ. பெருகிக் கருவின் சிறு பங்கை மூழ்கடித்துவிடும். ஆகவே முதலில் மெதுவாகவும் பின்னர் மிகு விசையிலும் இருமுறை சுழற்றும் வழக்கம் உருவானது.

குழாய்க்குள் அமைந்த தடுப்பு

ஜோசப் கிளைனர் 1949இல் காப்புரிமை பெற்ற வெற்றிடக் குழாய், குருதி எடுப்பதைச் சீர்ப்படுத்தியது. 1970களில் அக்குழாய்க்குள் கூழ்மம் சேர்ந்தது. பிளாஸ்மாவின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025, சிவப்பணுக்களின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.1. இடைப்பட்ட அடர்த்தியுள்ள கூழ்மம் சுழற்சியின்போது இளகி நடுவே ஏறி, நின்றதும் இறுகிச் சுவராகிறது. அணுக்களும் நீர்மமும் மீண்டும் கலப்பதில்லை. அதற்குமுன் ஆய்வகப் பணியாளர் உறிஞ்சுகுழாயால் பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றவேண்டியிருந்தது. பெயர்ச்சீட்டு மாறும் வாய்ப்பும், தொற்றும் அபாயமும் இருந்தன. கூழ்மம் இவ்விரண்டையும் குறைத்தது.

மின்சாரம் இல்லாத இடம்

இத்தனை முன்னேற்றமும் மின்சாரத்தையும் பராமரிப்பையும் நம்பியே நின்றது. அவை இல்லாத மருத்துவ நிலையங்களில் குருதி எடுக்கப்படும் இடத்திற்கும் பிரிக்கப்படும் இடத்திற்கும் இடையே மணிநேரங்கள் கழிகின்றன. மேலே கூறிய பிழைகள் அனைத்தும் இந்த இடைவெளியில் நிகழ்கின்றன.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகள் பழைய வழிகளுக்கே திரும்பின. 1980களில் சோதனைப் பட்டைகளில் பொருத்தப்பட்ட கண்ணாடி இழைப் படலம் அணுக்களைத் தாமதப்படுத்திப் பிளாஸ்மாவை முன்செல்ல விட்டது. அடிப்படையில் இது முல்லரின் வடிதாளே. 2008இல் ஒயிட்சைட்ஸ் ஆய்வுக்குழு முட்டை அடிக்கும் கைக்கருவியில் நுண்குழாயைக் கட்டிச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தது.

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் வெளியிட்ட காகித மையவிலக்கி இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, இரு துளையிட்டு நூல் கோத்து, இழுத்தும் தளர்த்தியும் சுழற்றும் விளையாட்டைத் தமிழகச் சிறுவர் அறிவர். அதே இயக்கத்தைக் காகிதத் தட்டிலும் நூலிலும் அமைத்து, நிமிடத்திற்கு 1,25,000 சுற்று வேகத்தையும் 30,000 ஈர்ப்பு மடங்கு விசையையும் அவர்கள் எட்டினர். கருவியின் செலவு 20 அமெரிக்க சென்ட். எடை 2 கிராம். ஒன்றரை நிமிடத்திற்குள் பிளாஸ்மா பிரிந்தது. ஆயினும் இதில் அடங்குவது மெல்லிய குழாயிலுள்ள சிறு துளிகளே. பல சோதனைகளுக்கு வேண்டிய அளவு பிளாஸ்மாவை இது தராது. மலிவான கருவி மையவிலக்கியின் இடத்தை முழுவதும் நிரப்பிவிட்டது எனக் கொள்வது மிகையாகும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பிரிப்பின் ஒவ்வொரு வழியும் குருதியில் வேறொன்றைக் காணச்செய்தது. படியவிட்டோர் அழற்சியைக் கண்டனர். உறையவிட்டு வடித்தோர் நோயெதிர்ப்பையும் குருதி வகையையும் கண்டனர். உறையாமல் தடுத்துச் சுழற்றியோர் வேதியியல் அளவுகளையும் வைரசையும் கருவின் டி.என்.ஏ.வையும் கண்டனர்.

இரண்டாவது, எந்தப் பிரிப்பும் நடுநிலையானதன்று. சேர்க்கும் உப்பு, சுழற்றும் விசை, காத்திருக்கும் நேரம், காக்கும் வெப்பநிலை ஆகிய ஒவ்வொன்றும் அறிக்கையின் எண்ணில் தன் தடத்தை விட்டுச்செல்கிறது. 126 என்னும் எல்லையை வகுத்தோர் முறையாகப் பிரித்த பிளாஸ்மாவை மனத்திற்கொண்டு வகுத்தனர். அம்முறை பின்பற்றப்படாத இடத்தில் அந்த எல்லை வேறு பொருளைப் பெறுகிறது.

மூன்றாவது, இது நீதியோடும் தொடர்புடையது. ஆய்வகத்திற்கு அருகில் வாழ்பவரின் குருதி அரைமணியில் தெளிகிறது. தொலைவில் வாழ்பவரின் குருதி வழியிலேயே மாறிவிடுகிறது. இருவர்க்கும் ஒரே அளவுகோல் பயன்படுத்தப்பட்டாலும் அளக்கப்படுவது ஒன்றாக இல்லை. நோயின் பரவலைக் கணக்கிடும் ஆய்வுகள் எந்தத் தடுப்பான் சேர்க்கப்பட்டது, எத்தனை நிமிடத்தில் பிளாஸ்மா பிரிக்கப்பட்டது என்னும் இரு செய்திகளையும் முடிவுகளோடு சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும். ஹியூசன் உப்பிட்ட குருதி தெளியக் காத்திருந்த நேரமும் அவர் சோதனையின் பகுதியாகவே இருந்தது. இன்றைய சோதனைக்கும் அது பொருந்தும்.